புயல் எங்கே போகிறது என்ற கேள்வியும் மழை எங்கே பெய்யும் என்ற கேள்வியும்

நவம்பர் நடுப்பகுதி தாண்டினால் வன்னியில் ஒரு கேள்வி ஊர் ஊராகப் போகத் தொடங்கிவிடும். "இது எங்களுக்கு வருமோ, இல்லாட்டி மேலால இந்தியாவுக்குப் போயிடுமோ?" கேள்வியோடு சேர்ந்து வட்ஸ்அப்பில் ஒரு படமும் வரும். வங்காள விரிகுடாவின் நடுவில் ஒரு சுழி, அதிலிருந்து இலங்கையை நோக்கி ஒரு சிவப்புக் கோடு. ஒரு படத்தில் அந்தக் கோடு புல்மோட்டையால் ஏறிப் புளியங்குளத்தைக் கடந்து மன்னாருக்குப் போகும். அரைமணி நேரம் கழித்து வரும் இன்னொரு படத்தில் அதே கோடு பருத்தித்துறைக்கு வெளியே கடலோடு போய்விடும். முதற்படத்தைப் பார்த்தவர் நெல்மூடையைத் தூக்கி உயரத்தில் வைப்பார். இரண்டாவதைப் பார்த்தவர் போர்த்துக்கொண்டு படுத்துவிடுவார்.

இருவரும் பார்த்தது ஒரு கோட்டைத்தான். அந்தக் கோடு எப்படி வரையப்படுகின்றது, புயல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போது அது ஏன் அடிக்கடி மாறுகின்றது, அந்தக் கோட்டில் இல்லாத எதை வவுனியாவில் இருக்கும் ஒருவர் தேடிப் பார்க்க வேண்டும் என்பவற்றையே இங்கு விளக்க முயல்கிறேன்.

வவுனியா கடலைக் காணாத ஊர். ஆனால் நேர்கோட்டில் அளந்தால் முல்லைத்தீவு, திருகோணமலை, மன்னார் ஆகிய மூன்று கரைகளும் ஏறத்தாழ 65 முதல் 85 கிலோமீற்றர் தூரத்துக்குள்தான் இருக்கின்றன. கிழக்கே ஏறி மன்னார் வளைகுடாவில் இறங்கும் புயல் வன்னியை மிதித்துக்கொண்டு போகக்கூடும். 1964 டிசம்பரில் அதுதான் நடந்தது. அந்தமான் கடலில் 17ஆம் திகதியளவில் உருவான தாழமுக்கம் பெரும் சூறாவளியாகி, 22ஆம் திகதி வவுனியாவை ஒட்டிக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் பயணிகளோடு கொண்டுபோன கதையை எங்கள் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்கள் பலர் இருப்பார்கள்.

இன்றைய கணிப்பாளர் ஒருவரிடம் அந்தப் புயலைக் கொடுத்தால் அது ஒப்பீட்டளவில் இலகுவான புயல். பலமானது, மையம் தெளிவானது, நாளுக்கு 400 முதல் 550 கிலோமீற்றர் என்ற வேகத்தில் ஏறக்குறைய நேராக மேற்கே வந்தது. அன்று அதைப் பார்ப்பதற்குக் கருவியும் போதாது, பார்த்ததை மக்களுக்குச் சொல்வதற்கு வழியும் போதாது. இன்று கருவிகள் இருக்கின்றன. ஆனால் அண்மைக்காலத்தில் எம்மிடம் வந்தவை பெரும்பாலும் பலம் குறைந்த, மெதுவான, திசை மாறுகின்ற புயல்கள். கணிப்பதற்குக் கடினமானவை இவைதான்.

புரெவி சொல்லித்தந்தது

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு வன்னியில் பலர் நித்திரை கொள்ளவில்லை. புரெவி சூறாவளி அன்றிரவு திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அப்போது காற்றின் வேகம் மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர். மறுநாள் காலைக்குள் அது வன்னியைக் குறுக்கே கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கிவிட்டது.

கணிப்பு என்ற வகையில் இந்தப் பகுதி நல்ல வெற்றி. புது டில்லியிலுள்ள இந்திய வானிலை ஆய்வு மையந்தான் வங்காள விரிகுடாவுக்கும் அரபிக்கடலுக்குமான பிராந்திய சூறாவளி மையம். இலங்கை உட்படப் 13 நாடுகளுக்கு அது தகவல் கொடுக்கின்றது. புரெவி வெறும் தாழமுக்கமாக இருந்தபோதே அம்மையம் ஓர் எல்லையைச் சொன்னது. 2ஆம் திகதி மாலை அல்லது இரவில், வட அகலாங்கு 7.5 பாகைக்கும் 9 பாகைக்கும் இடையே, திருகோணமலையை அண்டி அது கரையேறும் என்றது. அப்படியே நடந்தது. ஆனால் அந்த எல்லையை எங்கள் ஊர்ப் பெயர்களில் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழக் கல்முனைப் பக்கத்திலிருந்து கொக்கிளாய் வரையான கரை அது. விஞ்ஞானிக்கு அது துல்லியமான கணிப்பு. வவுனியாக் கமக்காரருக்கோ ஒரு நுனியில் வந்தால் தலைக்கு மேலே புயல், மறு நுனியில் வந்தால் பொலன்னறுவைப் பக்கம் புயல். இரண்டும் ஒரே கணிப்புக்குள் அடக்கம்.

அதன் பிறகுதான் சிக்கல். மன்னார் வளைகுடாவில் இறங்கிய புரெவி, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே தமிழகக் கரையைக் கடந்து கேரளம் போகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கேரளத்திலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அது போகவில்லை. இராமநாதபுரக் கரையை ஒட்டிய கடலில் ஒரு நாளுக்கு மேல் அப்படியே நின்று, நின்ற இடத்திலேயே தளர்ந்தது. அது நின்ற அந்த நாட்களில் பெருமழை கொட்டியது எங்கே? ஏறத்தாழ 250 கிலோமீற்றர் வடக்கே, சிதம்பரம் பக்கத்தில். நடராசர் கோயிலுக்குள் வெள்ளம் நின்ற படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். கோடு ஓரிடம் போனது, வெள்ளம் வேறிடம் போனது.

புயலை நகர்த்துவது எது?

புயலுக்குத் தன்னை இழுத்துச் செல்லும் பலம் பெரிதாக இல்லை. வாய்க்காலில் விழுந்த தேங்காயை நீரோட்டம் கொண்டுபோவதுபோல, சுற்றியுள்ள பெருங்காற்றோட்டம் அதைக் கொண்டுபோகின்றது. அந்த ஓட்டத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் உயரமுக்கப் பிரதேசங்கள், அதாவது காற்றழுத்தம் கூடிய பெரிய பரப்புகள். இந்தியாவின் மேலும் அரபிக்கடலின் மேலும் ஒன்று இருக்கும். தென்கிழக்காசியாவுக்கும் மேற்குப் பசுபிக்குக்கும் மேல் இன்னொன்று இருக்கும். ஒன்றின் கை ஓங்கினால் புயல் ஒரு திசையில் சீராகப் போகும். இரண்டும் சமபலத்தில் இருந்து புயல் நடுவில் அகப்பட்டால், இரண்டு வாய்க்கால்கள் சந்திக்கும் இடத்தில் தேங்காய் சுழல்வதுபோல அது நின்றுவிடும். அப்போது எந்தப் பக்கத்து ஓட்டம் சற்றுக் கூடினாலும் அந்தப் பக்கம் திரும்பும். அந்தச் சிறு வித்தியாசத்தை மூன்று நாள் முன்பே எந்தக் கணினியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. புயல் எவ்வளவு பலமானது என்பது அது போகும் பாதையையும் மாற்றும். பலம் குறைந்த தாழமுக்கம் உயரம் குறைந்தது. தரையை அண்டி வீசும் காற்றே அதைத் தள்ளும். மார்கழி மாதத்தில் அந்தக் காற்று வடகிழக்குப் பருவக்காற்று, ஆகவே அது மேற்குப் பக்கமாகத் தள்ளப்படும். அதே தொகுதி பலமாகி உயரமாக எழுந்துவிட்டால் பல கிலோமீற்றர் மேலேயுள்ள காற்று அதைப் பிடித்து வடமேற்காகவோ வடக்காகவோ கொண்டுபோகலாம். எனவே "எங்கே போகும்" என்பதற்கு விடை சொல்ல முன்பு "எவ்வளவு வளரும்" என்பதற்கு விடை வேண்டும். பலத்தைக் கணிப்பது பாதையைக் கணிப்பதைவிடவும் கடினமானது. போதாக்குறைக்கு இலங்கையின் மத்திய மலைநாடு குறுக்கே நிற்கின்றது. மெலிந்த சுழற்சி ஒன்று மலையில் மோதினால் கீழ்ப்பகுதி குலைந்து, மையம் சற்றுத் தள்ளி வேறோரிடத்தில் உருவாகக்கூடும்.

வளரும் புயலில் மையம் எங்கே என்று பார்ப்பதே முதற் பிரச்சினை. கண் திறந்த பெரும் சூறாவளியைச் செய்மதிப் படத்தில் ஒரு சிறு பிள்ளையும் காட்டிவிடும். தாழமுக்க நிலையில் இருப்பது ஒரு முகிற் கூட்டம் மட்டுமே. இரண்டு நிறுவனங்கள் இரண்டு இடத்தில் மையத்தைக் குறித்தால் அது ஒருவரின் கவலையீனம் அல்ல. ஆனால் தொடக்கப் புள்ளி பிழைத்தால் அதிலிருந்து புறப்படும் கோடு முழுவதும் பிழைக்கும்.

இதனாற்றான் பெரிய மையங்கள் ஒரேயொரு கணிப்பை ஓட்டுவதில்லை. ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி 51 தடவைகள் ஓட்டுகின்றது. அமெரிக்க மாதிரியிலும் இப்படி முப்பது வரை உண்டு. அந்தக் கோடுகள் எல்லாம் ஒரு கயிறுபோல நெருங்கியிருந்தால் நம்பிக்கை கூட. விளக்குமாறுபோல விரிந்தால் நம்பிக்கை குறைவு. எமது தொலைபேசிக்கு வரும் படத்தில் இருப்பதோ அந்த விளக்குமாற்றின் ஒரு ஈர்க்கு. பத்து நாளைக்கு முந்திய ஒரு மாதிரியின் ஒரு ஓட்டத்தைப் படம் பிடித்துப் பகிர்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மற்ற ஐம்பதையும் அவர் காட்டவில்லை.

உத்தியோகபூர்வ வரைபடத்தில் கோட்டைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் கூம்பு ஒன்று இருக்கும். புயலின் பருமனைக் காட்டுவது அது என்று பலர் நினைக்கிறார்கள். கடந்த ஆண்டுகளில் விட்ட பிழைகளைக் கொண்டு மையம் எந்தப் பரப்புக்குள் இருக்கக்கூடும் என்று காட்டுவதே கூம்பு. மழையும் காற்றும் அதற்கு வெளியே தாராளமாக வரும். இந்திய மையத்தின் அண்மைக்காலச் சராசரிப் பிழை 24 மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 70 முதல் 80 கிலோமீற்றர், மூன்று நாளுக்கு ஏறத்தாழ 150 முதல் 180 கிலோமீற்றர். உலகத் தரத்தில் இவை நல்ல எண்கள். ஆனால் வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் இடையே உள்ள தூரமே 80 கிலோமீற்றர்தான். திருகோணமலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே 180. ஒரு நாள் முன்பு வரும் திருத்தமான கணிப்புக்கூட வவுனியாவா திருகோணமலையா என்று பிரித்துச் சொல்லாது. மூன்று நாள் முன்பு வருவது வடமாகாணம் முழுவதையும் ஒரு புள்ளியாகத்தான் பார்க்கும்.

பெயர் வைக்க முன்னரே வந்த வெள்ளம்

காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால்தான் அது சூறாவளி, அப்போதுதான் பெயர். அதற்குக் கீழே ஆழ்ந்த தாழமுக்கம், அதற்கும் கீழே தாழமுக்கம். பெயர் வைத்தவுடன்தான் தொலைக்காட்சியும் பத்திரிகையும் பரபரப்படைகின்றன. ஆனால் இந்தத் தரப்படுத்தல் காற்றுக்கானது. மழைக்கு அதனோடு சம்பந்தமில்லை.

2008ஐ நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழை பெய்தது நவம்பர் 25ஆம் திகதி. நிஷா என்ற பெயர் வந்தது 26ஆம் திகதி. 27ஆம் திகதி காலை அது காரைக்கால் அருகே தமிழகக் கரையைக் கடந்தது. அந்தத் தொகுதி இலங்கைக்கு மேலேயே தாழமுக்கமானது. கடலில் உருவாகி எம்மை நோக்கி வரும் பாதை என்று ஒன்று இருக்கவேயில்லை.

அந்த நாட்களில் வன்னி எப்படி இருந்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சியைச் சுற்றிப் போர். இலட்சக்கணக்கானோர் தறப்பாளுக்குக் கீழே. ஐ.நா. அமைப்புகளும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் செப்டெம்பரிலேயே வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தன. வானத்தைப் பார்ப்பதே வேறொன்றுக்காக இருந்த காலத்தில், வரும் மழையைப் பற்றி யார் யாருக்குச் சொல்வது? சொல்லியிருந்தாலும் மேட்டு நிலத்துக்குப் போகும் பாதை ஷெல் விழாத பாதையாக இருக்க வேண்டுமே. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் செட்டிகுளம் மெனிக் பாமில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்ததற்குப் புயலே தேவைப்படவில்லை. இரண்டொரு நாள் மழை போதுமாக இருந்தது.

2024இலும் இதே ஒழுங்கு. நவம்பர் 25ஆம் திகதி தாழமுக்கமாகி இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி நகர்ந்த தொகுதி, கிழக்கையும் வடக்கையும் வெள்ளத்தில் மூழ்கடித்தது. காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது 26ஆம் திகதி. அது சூறாவளியாகுமா ஆகாதா என்பதில் கணிப்புகள் மாறிக்கொண்டேயிருந்தன. ஆகும் என்றார்கள். பிறகு ஆழ்ந்த தாழமுக்கமாகவே கரையைக் கடக்கும் என்றார்கள். பின்னர் 29ஆம் திகதி அது சூறாவளியாகி ஃபெங்கல் என்ற பெயரும் பெற்றது. மறுநாள் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்களிடம் வந்து சேதம் செய்தபோது அதற்குப் பெயரே இல்லை.

2025 நவம்பரில் வந்த டித்வா இவை எல்லாவற்றையும் விடப் பெரிய அழிவு. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலானோர் மலையகத்து மண்சரிவுகளில். 27ஆம் திகதி பெயர் வைக்கப்பட்டபோது பதுளையிலும் நுவரெலியாவிலும் மலைகள் சரியத் தொடங்கிவிட்டன. காற்றின் பலத்தைப் பார்த்தால் அது மிதமான சூறாவளிதான். ஆனால் கரையை ஒட்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. நாட்டின் பல இடங்களில் 24 மணித்தியாலத்தில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை.

ஊர்ந்து போவது ஏன் மோசம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 300 கிலோமீற்றர் அகலமான மழைப் பரப்பு ஒன்று மணிக்கு 8 மில்லிமீற்றர் வீதம் பெய்கிறதென்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 20 கிலோமீற்றரில் கடந்தால் 15 மணித்தியாலம், மொத்தம் 120 மில்லிமீற்றர். குளம் நிரம்பும், கமக்காரர் மகிழ்வார். அதுவே மணிக்கு 5 கிலோமீற்றரில் கடந்தால் 60 மணித்தியாலம், 480 மில்லிமீற்றர். பாதை ஒன்றுதான், பலமும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் குளக்கட்டு உடையும். ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் பெய்தாலே ஓர் இலட்சம் கனமீற்றர் நீர். ஆகவே அறிவித்தலில் நான் முதலில் தேடுவது கடந்த ஆறு மணித்தியாலத்தில் அது எவ்வளவு நகர்ந்தது என்ற வரியைத்தான். "ஏறத்தாழ நிலையாக உள்ளது" என்று இருந்தால் காற்று பலமில்லை என்று ஆறுதலடையக் கூடாது.

தூரத்தை நம்புவதும் சரிவராது. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. வவுனியாவிலிருந்து 400 கிலோமீற்றருக்கும் அப்பால். அந்த நாட்களில் வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. புயலின் பாதையைக் காட்டிய எந்தப் படத்திலும் வன்னி இருக்கவில்லை.

மேலே பெய்தால் கீழே

எமது மாவட்டத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வவுனியா ஒரு நீர்பிரி மேடு. வவுனியா வடக்கில் தொடங்கும் கனகராயன் ஆறு மாங்குளம் பக்கமாக ஓடி இரணைமடுவை நிரப்பி, அங்கிருந்து சுண்டிக்குளம் களப்புக்குப் போகின்றது. செட்டிகுளம் பக்கத்தில் ஓடும் அருவி ஆறு, தம்புள்ளைப் பக்கத்து மேடுகளிலிருந்து மல்வத்து ஓயாவாக அநுராதபுரத்தைக் கடந்து வந்து மன்னாரில் கடலில் விழுகின்றது. ஆகவே செட்டிகுளத்துக்காரர் பார்க்க வேண்டியது அநுராதபுரத்து மழையை. கிளிநொச்சிக்காரர் பார்க்க வேண்டியது வவுனியா வடக்கின் மழையை. டித்வாவின்போது வானம் சற்றுத் தெளிந்த பிறகும் மல்வத்து ஓயாவுக்கு வெள்ள எச்சரிக்கை நீடித்தது இதனால்தான். சுண்டிக்குளத்தில் முகத்துவாரத்தை அகலமாக்கும் வேலையில் ஈடுபட்ட கடற்படையினர் ஐவர் உயிரிழந்ததும், நாயாற்றுப் பாலம் அடித்துச் செல்லப்பட்டதும் காற்றினால் அல்ல, இறங்கி வந்த நீரினால்.

மழையை முன்கூட்டி அளப்பதில் நாடு பின்தங்கியே இருக்கின்றது. டித்வா வந்தபோது இலங்கையிடம் இயங்கும் டொப்ளர் வானிலை ராடார் ஒன்றுகூட இருக்கவில்லை. காரைக்காலில் இந்தியாவின் ராடார் இருக்கின்றது. ஆனால் அங்கிருந்து வவுனியா ஏறத்தாழ 250 கிலோமீற்றர். பூமி வளைந்திருப்பதால் அதன் கதிர் வவுனியாவை எட்டும்போது ஐந்து கிலோமீற்றருக்கும் மேலே போய்விடும். அதற்குக் கீழே கொட்டும் மழையின் பெரும்பகுதி அதற்குத் தெரியாது.

மொழியும் ஒரு பிரச்சினை. டித்வா நாட்களில் அவசர அறிவித்தல்கள் சில தமிழில் தாமதமாகவே வந்தன, சில வரவேயில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. அந்த இடைவெளியை நிரப்பியவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா முகநூலில் தமிழில் எழுதிவரும் குறிப்புகள் போன்றவை. ஓர் ஆசிரியர் தன் முயற்சியில் செய்வதை நன்றியோடு வாசிக்கலாம். அதற்காக ஓர் அரசுத் திணைக்களம் தன் கடமையிலிருந்து விடுபட்டுவிட முடியாது.

அடுத்த தாழமுக்கம் பற்றிய படம் வரும்போது முதலில் அது எப்போது வெளியிடப்பட்டது என்று பாருங்கள். இந்திய நேரமும் எமது நேரமும் ஒன்றே, அதில் குழப்பமில்லை. நேற்றைய படமானால் விட்டுவிடுங்கள். பிறகு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் மையம் எங்கே என்பதோடு நிற்காமல், எவ்வளவு வேகமாக நகர்கிறது, வடமாகாணத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் என்ற இரண்டையும் வாசியுங்கள். 100க்கு மேல் என்று ஓர் எண் இருந்தால், கோடு எங்கே போனாலும், உங்கள் குளத்தின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ கமக்காரர் அமைப்பிடமோ கேளுங்கள். கேட்க ஆளில்லாவிட்டால் கிராம சேவையாளர், அதுவும் இல்லாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. நெடுங்கேணியிலோ கனகராயன்குளத்திலோ இருப்பவர்கள், இரவிரவாக மழை அடித்தால், முரசுமோட்டையிலும் கண்டாவளையிலும் இருக்கும் உறவினருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். அந்த நீர் இரணைமடுவைத் தாண்டி அவர்களிடம் போய்ச் சேரச் சில மணித்தியாலம் இருக்கின்றது.